ஆவியோடு நேரடி அனுபவம்

ஆவிக்காரர் கைப்பிடியை ஒரு திருப்புத் திருப்பினால், வானத்தில் போகிற மேகம் நின்று, "அண்ணே, நானும் கூடச் சேந்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகும். இதை நான் பல வருடங்களாகப் பலரிடம் சொல்லி வருகிறேன். மேகம் பேசியது என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். நின்றது என்பதும் கூடுதல். ஆனால் சலவை ஆலையின் கூரையில் நீட்டிக்கொண்டிருந்த குழாய் வழியாக அவர் விட்ட ஆவி, எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை மறுபடி நனைத்தது உண்மை. எதிர்வீட்டுக்காரி இறங்கி வந்து அவரைக் கிழிகிழியென்று கிழித்ததும் உண்மை.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற ஆலை அது. அங்கே பாய்லரைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. ஆலை முதலாளிக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. 'ஸ்டீம்' என்ற சொல் அவர் காதில் விழக்கூடாது. "ஆவின்னு அழகா ஒரு சொல் நம்ம வாயில கிடக்கறப்ப, எதுக்குய்யா இரவல் வாங்கறீங்க?" என்பார். பாய்லரை மட்டும் பாய்லர் என்றே விட்டுவிட்டார். அதற்கும் ஒரு சொல் கண்டுபிடித்துச் சொல்லிப் பார்த்ததில் நாக்குச் சுளுக்கிக்கொண்டது என்று கேள்வி. ஆகவே ஆலைக்குள் எல்லோருக்கும் ஆவிதான். "ஆவி ஏறிடுச்சா?" "இன்னைக்கு ஆவி என்னவோ சரியில்ல." "ஆவி வர்ற வரைக்கும் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்." இப்படிப் பேசிப் பேசியே நம் ஆள் நரைத்தார். ஊரும் அவரை ஆவிக்காரர் என்றே கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே கொஞ்சம் யோசித்தால்தான் வரும்.

பிறகு ஆலைக்கு மின்சார இயந்திரங்கள் வந்தன. பாய்லரைப் பிரித்துப் பழைய இரும்பு வண்டியில் ஏற்றினார்கள். ஆவிக்காரர் வீட்டுக்கு வந்தார்.

வீட்டுக்கு வந்தவர் சும்மா இருந்தாரா? அடுப்பில் கெண்டி கொதித்தால் எழுந்து வந்து, "தீயைக் குறை, தீயைக் குறை, அழுத்தம் ஏறுது" என்று கூவுவார். மூடி கடகடத்தால் மனைவியைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுப்பார். அந்த அம்மா தையல் இயந்திரத்தில் தலையணை உறை தைத்துக் கொடுப்பவர். தைத்த உறையெல்லாம் அவருடைய தம்பி வைத்திருந்த மெத்தைக்கடைக்குப் போகும். ஒரு வாரம் பொறுத்தார். இரண்டாம் வாரம் தம்பிக்குச் சொல்லி அனுப்பினார்.

தம்பி வந்தார். வரும்போதே ஒரு யோசனையோடும், கோடு போட்ட புத்தம் புதிய இரவு உடை ஒன்றோடும் வந்தார்.

"அத்தான், உங்களுக்குன்னே ஒரு வேலை வெச்சிருக்கேன். கடை முன்னாடி பெரிய கண்ணாடி இருக்கு பாருங்க, அதுக்குள்ள ஒரு கட்டில் போடறேன். அதுல நம்ம மெத்தை. மெத்தை மேல நீங்க."

"நான் என்ன பண்ணணும் மாப்ள?"

"தூங்கணும்."

"பகல்லயா?"

"பகல்லதானே அத்தான் ஜனம் நடமாடும்? சம்பளத்துக்குச் சம்பளம், தூக்கத்துக்குத் தூக்கம். உங்களுக்கு வயிறும் நல்லா எடுப்பா இருக்கு. மூச்சு விடறப்ப ஏறி இறங்கறது ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேருந்து பாத்தாக்கூடத் தெரியும்."

ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது பேருந்து நிறுத்தம். ஊரில் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். ஆலையில் கூட வேலை செய்தவர்கள் நிற்பார்கள். எதிர்வீட்டுக்காரி நிற்பாள். வாழ்நாள் முழுக்க ஒரு பெரிய இரும்புப் பூதத்தைக் கட்டி மேய்த்த மனிதர், கோடு போட்ட உடையில், வாய் பிளந்து, கண்ணாடிக்குள் மல்லாந்து கிடப்பதை நினைத்துப் பார்த்தார்.

"வேற வேலை தேடிக்கறேன் மாப்ள," என்றார்.

"தேடுங்க. இந்த மாசம் முடியற வரைக்கும் கட்டில் காலியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, அந்த இரவு உடையைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போனார் தம்பி. அது அங்கேயே தொங்கியது. சாப்பிட உட்கார்ந்தால் அதுதான் கண்ணில் படும்.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது ஒரு காலையில், அவர் குழாயடியில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். மனைவி தையலுக்கு நடுவே செய்தித்தாளைப் புரட்டி உரக்கப் படித்தார். "மறைபொருள் நூலகத்தில் ஆவிப் பகுதிக்குப் பொறுப்பாளர் தேவை. ஆவியோடு நேரடி அனுபவம் உள்ளவர்கள் நேரில் வரவும்."

படித்தவர் பார்த்தது றகரம். கேட்டவர் காதில் விழுந்தது ரகரம். நம் வாயில் இரண்டும் ஒரே மாதிரிதானே உருள்கின்றன? மரை என்றால் திருகாணியின் சுற்று. கழன்ற மரையைத் தேடித் தரையில் தவழ்ந்தே ஆவிக்காரருக்குப் பாதி ஆயுசு போயிருந்தது. மரைக்கும் மரையுள்ள பொருள்களுக்கும் ஒரு தனி நூலகம், அதில் ஆவிக்கென்று ஒரு தனிப் பகுதி! இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று பாதி நுரையோடு நின்றார். மனைவியின் கவனம் ஊசியில் இருந்தது. அதனால் அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

டயர் கடைக்குப் பின்னால் இருந்த சந்தில், மாடி வைத்த ஒரு பழைய வீடுதான் நூலகம். பெயர்ப்பலகையில் மழை அடித்து அடித்து 'நூலகம்' மட்டுமே மிச்சம் இருந்தது. அதனால் அவருக்கு வாசலிலும் உண்மை தெரியவில்லை.

உள்ளே இருவர் காத்திருந்தார்கள். ஒருவர் நூலகத்தின் தலைவர். தொழிலில் பல் டாக்டர். எதையும் கிசுகிசுப்பாகத்தான் சொல்வார், யாரோ பக்கத்து அறையில் காதை வைத்துக்கொண்டு இருப்பதுபோல. இன்னொருவர் நூலகர் அம்மா. கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். விழுவதுபோல இருக்கும், விழாது.

"ஆவியோட உங்களுக்கு எப்பலேருந்து பழக்கம்?" என்று கிசுகிசுத்தார் டாக்டர்.

"மீசை முளைக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்."

"யாரு அறிமுகப்படுத்தினாங்க?"

"எங்க மாமாதான். ஒருநாள் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. 'நல்லாப் பாத்துக்கடா, இனிமே இதுதான் உனக்குச் சோறு போடப்போவுது'ன்னாரு."

"பாத்ததும் பயம் வரலையா?"

"வராம? முதல் நாளே மூஞ்சியில ஓங்கி அடிச்சிது. இந்தப் பக்கத்துப் புருவம் அன்னைக்குப் போனதுதான். திரும்பி வரவேயில்ல."

இடது கண்ணுக்கு மேலே வெறும் தோலாக இருந்த இடத்தை இருவரும் பார்த்தார்கள். டாக்டர் எழுந்து வந்து, "தொடலாமா?" என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"தினமும் வருமா?"

"நாம வரவெச்சா வரும். நான் காலைலயே போய் எல்லாம் தயார் பண்ணிடுவேன். மத்தவங்க வேலைக்கு வர்றப்ப அது கிளம்பி நிக்கும்."

"மத்தவங்களும் பாத்தாங்களா!"

"பாக்காம? அது நடுவுலதான் நின்னு வேலை செய்வாங்க. பாதி நேரம் ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது."

"கோபம் வந்தா என்ன பண்ணும்?"

"கத்தும். தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

"அப்ப நீங்க?"

"அடைச்சு வெக்கக் கூடாது டாக்டர். எல்லாரும் அங்கதான் தப்புப் பண்றாங்க. துளி வழி விட்டாப் போதும். தன்னால சாந்தமாயிடும்."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா நான் படிச்ச எந்தப் புத்தகமும் இதை இவ்வளவு சுருக்கமா சொல்லலம்மா," என்றார் நூலகர் அம்மாவிடம்.

நூலகர் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "புத்தகத்துல தூசி தட்டுவீங்களா?"

"தட்டுவேன்மா."

"அது போதும் எனக்கு."

வேலை கிடைத்துவிட்டது. மறுநாள் காலை, தலையை வாரி, சட்டைப் பையில் ஒரு திருப்புளியும் செருகிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். நேராக நூலகர் அம்மாவிடம், "அழுத்தத்தைப் பத்தின புத்தகம்லாம் எங்க இருக்குங்கம்மா?" என்று கேட்டார்.

"மன அழுத்தமா? அது மாடியில, தியானப் பகுதி."

ஏதோ இடித்தது. ஆவிப் பகுதிக்குப் போனார். அலமாரியில் இருந்த புத்தகம் ஒவ்வொன்றும் கறுப்பு நாடாவால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. அழுத்தம் அதிகம் போலிருக்கிறது என்று மெச்சிக்கொண்டே ஒன்றை அவிழ்த்தார். அட்டையில் ஒரு பெண் நின்றாள். நின்றாள் என்று சொல்வதற்கு அவளுக்குக் கால் இல்லை. அடுத்ததை அவிழ்த்தார். இறந்துபோன கணவர் சாப்பாட்டு மேசைக்கு வருவது எப்படி என்று விளக்கம். மூன்றாவதை அவிழ்க்கக் கை ஓடவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆவிக்காரருக்கு ஆவி என்றால் உயிர் போய்விடும். கொதிக்கிற ஆவியைச் சொல்லவில்லை, மற்றதை. யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் செருப்பைத் தேடுகிறவர் அவர்.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, மனைவி சிரித்த சிரிப்பில் ஊசி எங்கேயோ விழுந்து, இரண்டு நாள் யாரும் அந்தப் பக்கம் வெறுங்காலோடு நடக்கவில்லை.

"அப்பவே சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா வேலை?"

இருவரும் ஆணியைப் பார்த்தார்கள். கோடு போட்ட உடை, காற்று இல்லாமலே லேசாக ஆடியது.

"சரி, வாயைத் திறக்காம தூசி தட்டுங்க," என்றார் மனைவி.

அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது அவ்வளவு சுலபமா? அது ஒரு தினுசான நூலகம். கனவுப் பகுதிக்கு வருகிறவர்கள் வந்ததும் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுவார்கள், எழுப்பினால் ஆராய்ச்சி கெட்டது என்று சண்டைக்கு வருவார்கள். மறுபிறவிப் பகுதியில் இரண்டு பெண்மணிகள், போன பிறவியில் யார் அரசி, யார் தோழி என்பதில் பேச்சுவார்த்தை நின்று, இந்தப் பிறவியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மௌனம் பற்றிய பகுதியில்தான் கூச்சல் அதிகம். "சத்தம் போடாதீங்க!" என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துக் கத்துவார்கள். புத்தகத்தைத் திருப்பித் தராத ஒருவர், "போன ஜென்மத்துலயே குடுத்தாச்சே" என்று வாதாடியபோது நூலகர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அந்த ஜென்மத்துல எடுத்ததக் குடுத்துட்டீங்க. இந்த ஜென்மத்துல எடுத்தத நாளைக்குக் கொண்டாங்க," என்றார்.

புருவம் போன கதையை டாக்டர் ஊரெல்லாம் பரப்பிவிட்டிருந்தார். ஆகவே ஆவிக்காரரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஒரு பஸ் கண்டக்டர் வந்து, "செத்துப்போன எங்க அண்ணன் நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கறாருங்க, தூங்க முடியல," என்றார்.

"படுக்கறதுக்கு முன்னாடி நல்லா சாப்பிடுவீங்களோ?"

"மூக்கு முட்ட."

"உள்ள கொள்ளளவுக்கு மேல போனா மேலதான் ஏறும். பாதியாக் குறைங்க. படுக்காம கொஞ்சம் நடங்க."

அண்ணன் வருவது நின்றுவிட்டது. கண்டக்டர் அடுத்த வாரம் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு வந்தார். 'அவங்க கேட்டது ஆவி, நான் சொன்னதும் ஆவி. இதுல பொய் எங்க இருக்கு?' என்று ஆவிக்காரர் தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

வம்பு நாற்காலி ரூபத்தில் வந்தது. நூலகத்தைத் தொடங்கிய பெரியவர் தம் சொந்த வீட்டையே அதற்குக் கொடுத்தவர். அவர் உட்கார்ந்த நாற்காலி வாசிப்பறையில், உருப்படியாகச் சுற்றுகிற ஒரே மின்விசிறிக்குக் கீழே இருந்தது. உயர்ந்த சாய்வு, கனமான தோல் மெத்தை. பெரியவர் போனபிறகு அதில் யாரும் உட்காரவில்லை. கைப்பிடிக்குக் கைப்பிடி ஒரு நாடா கட்டியிருந்தார் நூலகர் அம்மா. டாக்டருக்கோ நாள் முழுவதும் ஊராரின் வாய்க்குள் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. வருகிறபோதெல்லாம் அந்த நாற்காலியைப் பசித்தவன் பார்வை பார்ப்பார்.

"நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, இதுல வேற யாரும் உக்காரக் கூடாதுன்னு பெரியவர் சொல்லியிருக்காரு," என்றார் நூலகர் அம்மா.

"காலம் மாறிப்போச்சேம்மா. இப்ப அவரு மனசு எப்படி இருக்கோ?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப அவரையே கேட்டுடுவோம்," என்று கிசுகிசுத்துவிட்டு டாக்டர் திரும்பினார். "நம்ம கிட்டதான் ஆள் இருக்கே!"

ஆவிக்காரர் கையில் இருந்த தூசித் துணி கீழே விழுந்தது. "வெயில் காலத்துல அது அவ்வளவு சரியா வராதுங்களே டாக்டர்," என்று இழுத்துப் பார்த்தார். "திரையெல்லாம் போட்டுக்கலாம், இருட்டா குளுகுளுன்னு இருக்கும்," என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை மதியம் உறுப்பினர்கள் எல்லோரும் கூடுவது என்று முடிவாயிற்று.

மெத்தைக்கடைத் தம்பிக்கு அக்கா வாயிலிருந்தே விஷயம் போயிருந்தது. சிரிப்பை அந்த அம்மாவால் எத்தனை நாள் அடக்க முடியும்? சனிக்கிழமை மாலையே தம்பி வந்து நின்றார்.

"அத்தான், நாளைக்கு நானும் வர்றேன். ஆவி வந்துச்சுன்னா என் வாயை அக்காவே மிஷின்ல வெச்சுத் தெச்சு விட்டுடட்டும். வரலைன்னா, திங்கக்கிழமை காலைல கண்ணாடிக்குள்ள. என்ன சொல்றீங்க?"

"உனக்கு எப்பப் பாத்தாலும் கடை நெனப்புத்தாண்டா," என்றார் அக்கா. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் மூவரும் நடந்து போனார்கள். தம்பி முன்னால் சீழ்க்கை அடித்துக்கொண்டு போனார். ஆவிக்காரரின் நடை பின்தங்கிக்கொண்டே வந்தது. மனைவி நின்று அவரைப் பார்த்தார். "எப்படியும் அந்தக் கட்டில்ல போய்ப் படுக்கத்தான் போறீங்க. பொய் சொல்லிட்டுப் போய்ப் படுக்காதீங்க," என்றார் தாழ்ந்த குரலில். ஆவிக்காரர் தலையை ஆட்டினார்.

வாசிப்பறையில் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். சத்தம் கூடாது என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள். கனவுப் பகுதி, மறுபிறவிப் பகுதி, மௌனப் பகுதி எல்லாம் வியர்வை வழிய வட்டமாக உட்கார்ந்திருந்தன. நடுவே நாடா கட்டிய நாற்காலி.

"தொடங்கலாமா?" என்றார் டாக்டர்.

ஆவிக்காரர் எழுந்தார். "டாக்டர், மன்னிச்சுக்கணும். ஒரு விஷயம் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சது நீராவி மட்டுந்தான்."

டாக்டரின் கண் விரிந்தது. "நீர் ஆவியா! தண்ணியில மாண்டவங்களா? அதுல தனித் தேர்ச்சியா உங்களுக்கு?" வட்டம் முழுவதும் ஒரு 'ஆ' ஓடிற்று.

"ஐயோ, அது இல்லீங்க. வெந்நீர் கொதிச்சா வருமே, அது. நான் சலவை ஆலையில பாய்லர் பாத்தவன். நீங்க கேட்டதும் நான் சொன்னதும் வேற வேற. மத்த ஆவி எதையும் நான் என் கண்ணால பாத்ததில்ல. பாத்திருந்தா இப்ப உங்க முன்னாடி நிக்க மாட்டேன்."

"அப்ப அந்தப் புருவம்?" என்றார் டாக்டர். கிசுகிசுப்பு போய்க் குரல் உடைந்திருந்தது.

"பாய்லர் மூடி டாக்டர்."

மறுபிறவிப் பகுதியில் யாரோ விசும்பினார்கள். அந்த விசும்பலுக்கு மேலே ஒரு சிரிப்பு எழுந்தது. மெத்தைக்கடைத் தம்பிதான். தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா! இவருக்கு ஆவியும் தெரியாது, பாவியும் தெரியாது. பெரியவராம், நாற்காலியாம்! இந்தா பாருங்க, நானே உக்காந்துடறேன்." நாடாவை அவிழ்த்து எறிந்துவிட்டு, தம்முடைய முழுக் கனத்தையும் தூக்கித் தொப்பென்று நாற்காலியில் போட்டார்.

நாற்காலி பெருமூச்சு விட்டது.

சாதாரண மூச்சு இல்லை. பல வருடங்கள் ஒருவரும் உட்காராமல், இறுகிக் கிடந்த தோல் மெத்தை. உள்ளே அடைந்து கிடந்த காற்று, தையலில் எங்கோ இருந்த ஒரு சின்ன ஓட்டை வழியாக, 'ஹ்ஹாஆஆ...' என்று நீளமாக, அலுத்துப்போய், ஒரு கிழவரின் நெஞ்சிலிருந்து வருவதுபோல வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தால் இன்னும் வந்தது. தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

அந்தச் சத்தத்தை ஆவிக்காரரின் காது கண்டுகொண்டது. கசிவு. அவ்வளவுதான், மனிதர் பழைய ஆலைக்குள் போய்விட்டார். கையைத் தூக்கி அதட்டினார்.

"யாரும் அசையாதீங்க! பயப்பட ஒண்ணுமில்ல. உள்ள ரொம்ப நாளா அடைஞ்சு கிடந்தது, இப்பதான் வெளிய வருது. மாப்ள, நீங்க சட்டுன்னு எந்திரிச்சுடாதீங்க. எந்திரிச்சா வெளிய வந்தது மறுபடியும் உள்ள போவும்."

"எ... எதுக்குள்ள அத்தான்?"

"உங்களுக்குக் கீழேதான்!"

தம்பி துள்ளினார். மெத்தையும் தன் பங்குக்கு, போன காற்றையெல்லாம் 'ஹூஊப்' என்று ஒரே இழுப்பாக உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் இல்லை. திரையைச் சுருட்டிப் போர்த்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பறந்தார், தெருவில் போன பேருந்தை முந்தினார் என்று நான் கேள்விப்பட்டேன். பேருந்து நின்றுகொண்டிருந்திருக்கலாம்.

அறையில் முதலில் பேசியவர் நூலகர் அம்மா. "பெரியவர் உயிரோட இருக்கறப்பவும், பக்கத்துல யாராவது வந்து நின்னா இதே மாதிரிதான் மூச்சு விடுவாரு."

டாக்டரின் கண் பளபளவென்று மின்னியது. இடுப்புவலி போன இடம் தெரியவில்லை.

"டாக்டர், அது மெத்தைக்குள்ள இருந்த காத்துங்க," என்றார் ஆவிக்காரர். எடுத்த உண்மையை முழுக்கச் சொல்லி முடித்துவிடலாம் என்று.

"நீங்க சும்மா இருங்க! வெந்நீரைத் தவிர உங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாதுன்னு இப்பத்தானே நீங்களே சொன்னீங்க? இதைப் பத்திச் சொல்ல நீங்க யாரு?"

ஆவிக்காரர், "அப்ப நாளைலேருந்து நான் வரணுங்களா, வேண்டாங்களா?" என்று கேட்டார். கேட்கும்போது கண்ணுக்குள் கண்ணாடியும் கட்டிலும் பேருந்து நிறுத்தமும் வந்து போயின.

டாக்டர் நூலகர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

"இந்த வேலைக்கு இதுவரைக்கும் எத்தனையோ பேர் வந்தாச்சு. எல்லாரும் ஆவியோட தோள்ல கை போட்டுப் பழகினவங்க. ஒருத்தரும் தூசி தட்டல. பாத்ததில்லன்னு சொன்ன முதல் ஆள் இவருதான். இருக்கட்டும். ஆனா ஒண்ணு, இனிமே யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேங்கம்மா."

"அந்தக் கண்டக்டருக்கு மட்டும் சொல்லலாம். அவரு வயித்துக்கு நல்லது."

திங்கள்கிழமை காலை மெத்தைக்கடையிலிருந்து ஃபோன் வந்தது. "அக்கா, அத்தானைக் கடைப் பக்கம் அனுப்பிடாத. அவரு கூட எது எது கிளம்பி வரும்னு யாருக்குத் தெரியும்? அப்புறம் நம்ம மெத்தையில யாரு படுப்பா? அந்த டிரெஸ்ஸை அவரே வெச்சுக்கட்டும்."

அன்றிலிருந்து ஆவிப் பகுதிக்கு அவர்தான் ராஜா. டாக்டர் இன்றுவரை அந்த நாற்காலியில் உட்காரவில்லை, தூரத்தில் நின்று வணக்கம் வைத்துவிட்டுப் போகிறார். அதைத் தொட உரிமை உள்ளவர் ஆவிக்காரர் ஒருவர்தான். வாரம் தவறாமல் நெஞ்சை நிமிர்த்திப் போவார், துணியால் ஒரு வீசு வீசுவார், பிறகு கால்மேல் கால் போட்டு அதில் சாய்ந்து, "என்ன பெரியவரே, சௌக்கியமா?" என்று கேட்பார்.

இதுவரைக்கும் நான் சொல்வதைத் தையலை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, இந்த இடத்தில் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"கால் மேல கால் போட்டா? நல்லாச் சொன்னீங்க போங்க. உள்ள இருக்கறது காத்துதான்னு அவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும், துடைக்கற அன்னைக்கு என்னையும் கூட்டிட்டுத்தான் போறாரு. நான் துடைப்பேன். அவரு கதவுகிட்ட நிப்பாரு. அதுவும், வெளிப்பக்கம்."